காரில் தாவிய குறுந்தகடு: ஒரு சிறு பழுதின் வரலாறு

(சற்று நீண்ட பதிவு. ஒலிப்பதிவுகளைத் தரவாகக் கொண்டு ஆய்வு செய்வோர் இறுதிப் பகுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.)

1. கேள்வி

வீட்டுக் கணினியில் பாடல்களைக் குறுந்தகட்டில் எழுதி, அதைக் காரின் ஒலிப்பானில் போட்டுக் கேட்டவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக வாய்த்திருக்கும். கடையில் வாங்கிய தகடு ஒழுங்காகப் பாடும். வீட்டில் எழுதிய தகடு மட்டும் தாவும். அதே தகட்டை வீட்டிலுள்ள கருவியில் போட்டால் ஒரு குறையும் இராது. 1990களின் இறுதி தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் இந்திய நகரங்களில் பரவலாக இருந்த இப்பழுதுக்கு மூன்று விளக்கங்கள் வழங்கின. தகடு மலிவானது என்பது ஒன்று. ஒலிப்பான் கெட்டுவிட்டது என்பது மற்றொன்று. நகல் எக்காலத்தும் மூலத்துக்கு ஈடாகாது என்பது மூன்றாவது.

இம்மூன்றில் எதுவும் முழு விடையன்று. தகட்டைத் தனியே சோதித்தால் அது நல்ல தகடு. ஒலிப்பானைத் தனியே சோதித்தால் அது நல்ல ஒலிப்பான். இரண்டும் சேரும் இடத்தில்தான் பழுது பிறந்தது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு எதிர்பார்ப்புகளோடு உருவான இரு தரநிர்ணயங்கள் ஒரு டாஷ்போர்டுக்குள் சந்தித்துக்கொண்டதன் விளைவு அது. ஆகவே இதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமன்றி வரலாற்றுச் சிக்கலாகவும் அணுகலாம். அப்படி அணுகுவதால் நம் ஆய்வுத்துறைகளுக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2. முதல் ஒப்பந்தம்: 1979–1982

குறுந்தகட்டின் தோற்றத்தில் ஒரு சுவையான தொடர்ச்சி உண்டு. 1963இல் ஒலிநாடாப் பேழையை, அதாவது நாம் கேசட் என்று அழைத்த பொருளை, பிலிப்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய குழுவை வழிநடத்திய லூ ஒட்டென்ஸ், பின்னர் அதே நிறுவனத்தில் குறுந்தகட்டு முயற்சியிலும் முக்கியப் பங்கு வகித்தார். 1979 மார்ச்சில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் தன் மாதிரியைச் செய்தியாளர்களுக்குக் காட்டியது. அதன்பின் சோனியோடு இணைந்து வகுத்த பொதுத் தரநிர்ணயம் அதன் அட்டை நிறத்தால் 'சிவப்புப் புத்தகம்' எனப்பட்டது. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் முதல் ஒலிப்பான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

சிவப்புப் புத்தகம் அடிப்படையில் ஓர் ஒப்பந்தம். தகடு செய்பவர் இன்னின்ன அளவுகளுக்குள் செய்வார். அந்த அளவுகளுக்குள் இருப்பதையெல்லாம் ஒலிப்பான் செய்பவர் படித்துக்காட்டுவார். தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். சுருள்வடிவத் தடத்தின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரான். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும். தடத்தில் நுண்ணிய பள்ளங்கள். அவற்றை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் வாசிக்கும். ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படும்.

நம் பழுதுக்கு நேரடியாகத் தொடர்புடைய எண் வேறொன்று. தகட்டின் பளபளப்பான உலோகப் படலம், தன்மேல் விழும் லேசர் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது ஒப்பந்தம். அச்சு ஆலையில் அலுமினியம் பூசி வார்க்கப்பட்ட தகடுகள் இதை எளிதில் நிறைவு செய்தன. 1980களின் பொறியாளர்கள் ஒலிப்பான்களை இந்த வெளிச்சத்துக்குப் பழக்கினார்கள். அதற்குக் குறைந்த வெளிச்சம் தரும் தகடு அன்று உலகச் சந்தையில் இல்லை.

3. பிழை மறைக்கும் இலக்கணம்

மொழியியல் படித்தவர்களுக்கு இப்பகுதி அயலாக இராது. 'நான் வந்தேன்' என்னும் தொடரில் தன்மை ஒருமை இருமுறை குறிக்கப்படுகிறது: ஒருமுறை பெயரில், மற்றொருமுறை வினைமுற்றின் விகுதியில். சந்தை இரைச்சலில் 'நான்' காதில் விழாமற்போனாலும் '-ஏன்' மீட்டுத் தரும். இயல்பு மொழிகள் யாவும் இத்தகைய மிகைமையைச் சுமக்கின்றன. அது வீண் சுமையன்று. இரைச்சலுக்கு எதிரான காப்பு.

குறுந்தகடும் இதையே கணித வழியில் செய்கிறது. இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்னும் இரு கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட குறிமுறையே இதன் அடிப்படை. ஒவ்வொரு 24 பைட்டு ஒலித்தரவுக்கும் 8 பைட்டுச் சோதனைத்தரவு சேர்க்கப்படுகிறது. அதோடு, அடுத்தடுத்து வரவேண்டிய பைட்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட சட்டகங்களில் சிதறி எழுதப்படுகின்றன. ஆகவே தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் ஒரே சொல் முழுதும் அழிவதில்லை. நூறு சொற்களில் ஒவ்வோர் எழுத்து அழிகிறது. எஞ்சியவற்றைக் கொண்டு கருவி கணக்கிட்டு மீட்டுவிடுகிறது. தடத்தின் நீளவாட்டில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அளவு தொடர்ச்சியாக அழிந்தாலும் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் போனால் கருவி முன்பின் மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாதபோது ஒலியை அடக்கும்.

இக்காப்புக்கு ஓர் எல்லை உண்டு. லேசர் சரியான தடத்தின்மேல் நிற்கும்வரைதான் அது பயன்படும். திரும்பிவரும் ஒளிக்கு ஒலிப்பானில் மூன்று வேலைகள்: தரவைத் தருவது, லென்சைக் குவியத்தில் நிறுத்துவது, லென்சைத் தடத்தின் நடுவில் வைத்திருப்பது. ஒளி போதாதபோதும் அதிர்வு மிகும்போதும் தடுமாறுவது பெரும்பாலும் பின்னிரு வேலைகளே. லென்ஸ் வேறு சுற்றுக்குத் தாவிவிட்டால் பிழைதிருத்தக் குறிமுறை உதவாது. புத்தகத்தில் வரி தப்பிய வாசகருக்கு அகராதி உதவாது என்பதைப்போல.

ஆகவே காதுக்கு ஒன்றுபோல் பட்டாலும் இருவகைப் பழுதுகளைப் பிரித்தறிய வேண்டும். கரகரப்பும் நொடிப்பொழுது அமைதியும் தரவுப் பிழையின் அறிகுறிகள். தாவுதலும் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பப் பாடுதலும் தடம் தவறுதலின் அறிகுறிகள்.

இந்திய மொழிகளின் பேச்சுவழக்கு இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்கிப்' என்னும் ஒரே சொல் பலவற்றைச் சுமந்தது. இந்திப் பேச்சில் தகடு 'அடக்' ஆயிற்று, அதாவது மாட்டிக்கொண்டது. தமிழ்ப் பேச்சில் 'சிக்குது' என்றும் 'ஜம்ப் ஆகுது' என்றும் இரண்டும் வழங்கின. திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று இன்றும் சொல்கிறோம். அது கிராமபோன் காலத்து வழக்கு. ஊசி பள்ளத்தில் சிக்கிய காலத்துச் சொல், ஊசியே இல்லாத கருவிக்கும் பெயர்ந்து வந்தது.

4. இரண்டாம் ஒப்பந்தம்: எழுதத்தக்க தகடு

வீட்டில் எழுதத்தக்க தகட்டை 1980களின் இறுதியில் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் சாத்தியமாக்கியது. அதற்கான தரநிர்ணயம் 1990இல் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்ற பெயரில் வந்தது. இத்தகட்டில் பள்ளங்கள் இல்லை. பாலிகார்பனேட்டுக்கும் உலோகப் படலத்துக்கும் இடையே ஒரு கரிமச் சாயம் பூசப்பட்டிருக்கும். எழுதும் கருவியின் வலுமிக்க லேசர் அச்சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடும். சுடப்பட்ட இடம், படிக்கும் லேசருக்குப் பள்ளம்போலத் தோன்றும். தோன்றும் என்பதே இங்கு முக்கியம்: எழுதிய தகடு அச்சிட்ட தகட்டின் பிரதியன்று, ஒலிப்பானின் கண்ணுக்கு அச்சிட்ட தகடுபோல் காட்சியளிக்க முயலும் வேறொரு பொருள்.

சாய அடுக்கு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஆகவே ஆரஞ்சுப் புத்தகம் வரம்பை 65 விழுக்காடாக வைத்தது. 70க்கும் 65க்கும் இடையிலான வேறுபாடு சிறிது. புதிய லென்சும் அசையாத மேடையும் உள்ள வீட்டுக் கருவி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் தூசி படிந்த லென்சும், சில ஆண்டு உழைத்து ஒளி மங்கிய லேசரும் கொண்ட கருவிக்கு அந்த வேறுபாடே எல்லைக்கோடாக அமைந்துவிடும். பின்னர் வந்த, அழித்து மீண்டும் எழுதத்தக்க தகட்டின் எதிரொளிப்பு 15 முதல் 25 விழுக்காடு மட்டுமே. பழைய கார் ஒலிப்பான்கள் பல அதை ஏற்கவே மறுத்ததற்கு இதுவே காரணம்.

சாயம் ஒன்றல்ல, மூவகை. சயனின் கலந்த தகடு பச்சை அல்லது நீலப்பச்சையாகத் தெரியும். ஒளிபட்டால் மங்கும் இயல்பு அதற்கு அதிகம். அசோ வகை அடர்நீலம். தாலோசயனின் வகை ஏறத்தாழ நிறமற்றது. பொன் படலத்தோடு சேர்ந்தால் பொன்னிறமாகத் தெரியும். 'என் வண்டி நீலத்தகட்டைப் படிக்காது, வெள்ளைத்தகட்டைப் படிக்கும்' என்று அன்று பயனர்கள் சொன்னது மூடநம்பிக்கையன்று. ஒரு குறிப்பிட்ட லென்சுக்கும் ஒரு குறிப்பிட்ட சாயத்துக்கும் இடையிலான பொருத்தத்தை அவர்கள் நிறத்தின் வழியே கண்டறிந்தார்கள்.

இந்தியா இவ்வரலாற்றில் நுகர்வோராக மட்டும் இருக்கவில்லை. 1983இல் தொடங்கப்பட்டுப் பின்னர் நெகிழ்வட்டுகள் செய்துவந்த மோசர் பேர் இந்தியா நிறுவனம், 1990களின் இறுதியில் எழுதத்தக்க குறுந்தகடுகளுக்கு மாறியது. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் அமைந்த அதன் ஆலை, சில ஆண்டுகளுக்குள் உலகின் மிகப்பெரிய தகட்டு உற்பத்தி ஆலைகளுள் ஒன்றாயிற்று. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் எழுதத்தக்க தகடுகள்மீது மானிய எதிர்ப்பு வரி விதித்தது. இந்திய உற்பத்தி அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. நெகிழ்வட்டு, குறுந்தகடு, பின்னர்ச் சூரியத்தகடு என்று நகர்ந்த அந்நிறுவனம் கடனில் மூழ்கி, 2018இல் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டது. ஓர் ஊடகத்தின் ஆயுளும் அதைச் செய்த ஆலையின் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றாக முடிந்தன.

2000களின் நடுப்பகுதிக்குள் வெற்றுத்தகட்டின் விலை பத்து ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. ஐம்பது, நூறு என்று தண்டில் கோத்து, உறையின்றி விற்றார்கள். தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் தகடும் எழுதும் கருவியும் அருகருகே கிடைத்தன. அமெரிக்க வழக்கில் தகட்டை 'எரித்தார்கள்'. இங்குத் தகட்டை 'ரைட்' பண்ணினோம். தகட்டை ஓர் ஏடாகக் கருதிய இந்தச் சொல்லாட்சி எனக்கு மேலும் பொருத்தமாகப் படுகிறது. இக்கட்டுரையிலும் 'எழுதிய தகடு' என்றே வழங்குகிறேன்.

5. மூன்றாம் தரப்பு: கார்

1984இல் பயனியர், சோனி நிறுவனங்கள் காருக்கான குறுந்தகட்டு ஒலிப்பான்களை வெளியிட்டன. வீட்டு மேடைக்கென வகுத்த சிவப்புப் புத்தகத்தை ஓடும் வண்டிக்குள் கொண்டுவர, பொறியாளர்கள் உள்பொறியைச் சிறு சுருள்வில்களிலும் பிசுபிசுப்பான நெய்மம் அடைத்த ரப்பர்த் தாங்கிகளிலும் தொங்கவிட்டார்கள். சாலையின் அதிர்வு லென்சை எட்டுமுன் அவை அதை விழுங்கவேண்டும். ஆண்டுகள் செல்லச்செல்ல ரப்பர் இறுகும், வில் தளரும்.

பின்னர் நினைவகக் காப்பு வந்தது. கருவி பாடும் வேகத்தைவிட விரைந்து படித்துச் சில நொடி ஒலியை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளும். லென்ஸ் தடுமாறினால் மீண்டும் தடத்தைத் தேடிப் பிடிக்கும்வரை சேமிப்பிலிருந்து பாடும். பள்ளத்தில் இறங்கி ஏறும் அதிர்ச்சிக்கு இது நல்ல மருந்து. ஆனால் ஒளி போதாமைக்கு மருந்தன்று. தேடிப் பிடிக்கவே இயலாத தகட்டில் சேமிப்பு தீர்ந்தபின் தாவல் தொடரும்.

இந்தியாவில் கார் ஒலிப்பான் பெரும்பாலும் கார் வாங்கியபின் பொருத்தப்பட்ட பொருள். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800க்குப் பிறகு பெருகிய சிறு கார்களுக்குத் தில்லியின் கரோல் பாக், பெங்களூரின் ஜே.சி. சாலை, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கடைவீதிகள் ஸ்டீரியோ பொருத்தித் தந்தன. பொருத்துபவர் பின்பக்கத் தாங்குபட்டையை முறுக்காமல் விட்டாலோ, கருவியை அதன் கையேடு அனுமதிக்கும் சாய்வுக்கு மேல் சாய்த்து வைத்தாலோ, அதிர்வடக்கத் தொங்கலின் சமநிலை குலைந்துவிடும். அச்சிட்ட தகட்டில் இக்குறை வெளிப்படாமல் இருக்கக்கூடும். எழுதிய தகட்டில் அது வெளிப்பட்டது.

வெயிலைத் தனியே சொல்லவேண்டும். மூடிய காரின் டாஷ்போர்டு இந்தியக் கோடையில் 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். சூரியமறைப்புப் பலகையில் செருகிவைத்த உறைத்தகடுகளில் இரு கேடுகள் நிகழ்ந்தன: பாலிகார்பனேட்டு மெல்ல வளைந்தது; சாயம் மங்கியது. வளைந்த தகட்டின் வெளிவிளிம்பு அதிகம் ஆடும். குறுந்தகடு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், முதல் பாடல்கள் நன்கு பாடிக் கடைசிப் பாடல்கள் தாவும்.

6. பழுது கண்டறிந்த முறை

இப்பழுதுக்கு விடை தேடியவர்கள் கையாண்ட முறை, ஆய்வுமுறையியல் வகுப்பில் சொல்லத்தக்கது. ஒருநேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுவதே அதன் உயிர்நாடி.

முதலில் அதே ஒலிப்பானில் அச்சிட்ட தகடு ஒன்றைப் போடுவார்கள். அதுவும் தாவினால் குறை லென்சில் அல்லது பொருத்துதலில். அது தாவாவிட்டால் எழுதிய தகட்டை வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் கேட்பார்கள். நிற்கும்போது பாடி ஓடும்போது தாவினால் அதிர்வுக்குப் பங்கு உண்டு. அடுத்து, தாவும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அதே நொடியில் தாவினால் தகட்டில் குறை. இடம் மாறிக்கொண்டே இருந்தால் பொறியில் குறை. எப்போதும் இறுதிப் பகுதியில் மட்டும் என்றால் வெளிவிளிம்பில் குறை.

அதன்பின் எழுதும் முறைக்கு வருவார்கள். தகட்டை 'மூடி' முடிக்காவிட்டால் அதன் பொருளடக்கப் பகுதி முழுமையாக எழுதப்படாது. கணினி அதைப் படிக்கும், கார் படிக்காது. பாடல் பாடலாக எழுதுவதைவிட முழுத்தகட்டையும் ஒரே ஓட்டத்தில் எழுதினால், லேசர் நின்று தொடங்கும் இடைவெளிகள் இரா. 80 நிமிடத் தகட்டில் தடங்கள் மேலும் நெருக்கமானவை. 74 நிமிட வகைக்கு மாறுவது சில பழைய கருவிகளுக்கு உதவியது. அழகுக்காக ஒட்டிய காகிதச் சீட்டு சுழற்சியின் சமநிலையைக் கெடுக்கும்; வெயிலில் பசை இளகித் தகட்டைக் கருவிக்குள்ளேயே மாட்டவைக்கும். தகட்டை ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தோடு ஒட்டி ஓடும். பிழைதிருத்தம் தாங்கும் நீளத்தை அது எளிதில் கடந்துவிடும்.

எழுதும் வேகம் பற்றிய அறிவுரைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 'எவ்வளவு மெதுவாக எழுதுகிறாயோ அவ்வளவு நல்லது' என்பது 1990களில் சரியான அறிவுரை. எழுதும் கருவிகள் 48 மடங்கு, 52 மடங்கு வேகத்தை எட்டியபோது அந்த வேகத்துக்கென்றே சாயக்கலவையை மாற்றினார்கள். அத்தகடுகளை மிக மெதுவாக எழுதினால் சூடு மிகுந்து புள்ளிகளின் விளிம்பு சிதையக்கூடும். 8 முதல் 16 மடங்கு போன்ற நடுவேகமே பெரும்பாலும் நல்ல விளைவைத் தந்தது. ஆனால் பழைய அறிவுரை தன் காரணத்தை இழந்த பின்னும் பல ஆண்டுகள் வழங்கிக்கொண்டிருந்தது. மரபுவழி அறிவை ஆராய்வோர் இத்தகைய எச்சங்களை அடிக்கடி சந்திப்பார்கள்.

7. மூலம் தாவியது, நகல் பாடியது

நகல் தாழ்ந்தது என்னும் மூன்றாம் விளக்கத்துக்கு இப்போது வரலாம். அதற்குச் சட்டத்தின் நிழலும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு தனிப்பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை இலக்கியம், நாடகம், இசைப்படைப்பு, கலைப்படைப்பு ஆகியவற்றுக்கே முதலில் அனுமதித்தது; ஒலிப்பதிவு அப்பட்டியலில் இல்லை. 2012இன் திருத்தமே கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் அதை விரித்தது. வீட்டில் எழுதிய தகடு சட்டப்படி ஐயத்துக்குரியதாக இருந்த காலத்தில், அது தாவுவதும் இயல்பே என்று கருதும் மனப்பாங்கு நிலவியது.

வரலாறு இதைத் தலைகீழாக்கிக் காட்டியது. 2001ஐ ஒட்டிச் சில இசை நிறுவனங்கள் மேலைநாடுகளில் நகல்தடுப்புத் தகடுகளை வெளியிட்டன. கணினி படிக்க முடியாதபடி, தகட்டின் பொருளடக்கத்திலும் பிழைதிருத்தத் தரவிலும் வேண்டுமென்றே முறைகேடுகள் சேர்க்கப்பட்டன. பல கார் ஒலிப்பான்களின் உள்பொறி கணினிக்கான பொறியையே ஒத்திருந்ததால், காசு கொடுத்து வாங்கிய அசல் தகடு காரில் தடுமாறியது. அத்தகடுகள் சிவப்புப் புத்தகத்துக்கு மாறானவை, குறுந்தகட்டின் முத்திரையை அவை தாங்கக்கூடாது என்று பிலிப்ஸ் நிறுவனமே எதிர்ப்புத் தெரிவித்தது. அவற்றிலிருந்து எவரேனும் ஒலியை மட்டும் மீட்டுப் புதிய தகட்டில் எழுதியிருந்தால், அந்த நகல் ஒப்பந்தத்துக்கு உட்பட்டதாகவும் மூலம் ஒப்பந்தத்தை மீறியதாகவும் இருந்திருக்கும்.

ஆகவே தாவுதலை மூலம்–நகல் என்னும் இருமையால் விளக்க இயலாது. ஒப்பந்தத்தின் வரம்புக்குள் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி. அச்சிட்ட தகட்டுக்கு அந்த இடைவெளி அகலம். எழுதிய தகட்டுக்குக் குறுகல். கார் அந்தக் குறுகிய இடைவெளியையும் அதிர்வாலும் வெயிலாலும் தின்றது.

8. இது ஏன் இன்று நம் கவலை

எம்.பி.3 வடிவம் வந்தபின் 700 மெகாபைட்டுத் தகட்டில் 128 கிலோபிட்டு வேகத்தில் ஏறத்தாழ 12 மணிநேரப் பாடல் அடங்கியது. பின்னர் யு.எஸ்.பி. துளையும் கைப்பேசியும் வந்தன. தாவும் தகடு கார்களிலிருந்து மறைந்தது. ஆனால் அதே ஆண்டுகளில், அதே பத்து ரூபாய்த் தகடுகளில், நம் பல்கலைக்கழகங்கள் வேறொன்றையும் எழுதிவைத்தன. களஆய்வு ஒலிப்பதிவுகள், நாட்டார் பாடல்கள், வட்டார வழக்குப் பேட்டிகள், மொழித்தரவுகள் ஆகியவை கேசட்டிலிருந்து குறுந்தகட்டுக்கு மாற்றப்பட்டன. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்வடிவத்தையும் கேட்டன. பல இடங்களில் அது ஒரு தகடாக ஆய்வேட்டின் பின்னட்டையில் ஒட்டப்பட்டது.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவையோடு இணைந்து 1913க்கும் 1929க்கும் இடையே கிராமபோன் தட்டுகளில் பதிவுகள் செய்யப்பட்டன. 97 மொழிகளையும் கிளைமொழிகளையும் சேர்ந்த 242 பேச்சு மாதிரிகள். இன்று அவற்றை இணையத்தில் கேட்கலாம். இரைச்சல் உண்டு, வெடிப்பொலி உண்டு. ஆயினும் குரல் கேட்கிறது. அரக்குத்தட்டு தேயும்போது தேய்வும் உடன் கேட்கும். அது தன் முதுமையை மறைப்பதில்லை.

எழுதிய குறுந்தகடு அப்படியன்று. பிழைதிருத்தக் குறிமுறை தேய்வை மறைத்துக்கொண்டே வரும். சாயம் பாதி மங்கினாலும் ஒலி தூய்மையாகவே கேட்கும். மறைக்கும் ஆற்றல் தீர்ந்த நாளில் தகடு ஒரேயடியாக வாய்மூடிவிடும். 'போட்டுப் பார்த்தேன், நன்றாகப் பாடுகிறது' என்பது ஆவணக்காப்பில் போதிய சான்றன்று. அன்றைய கார் ஒலிப்பான், குறைந்த பொறுமையுடைய வாசகனாக, மறைந்திருந்த தேய்வை முன்னதாகவே காதுக்குக் காட்டிக்கொடுத்தது. வீட்டில் பாடிக் காரில் தாவிய தகடு அன்றே எல்லையருகே நின்றிருந்தது. அந்த வாசகன் இன்று நம்மிடம் இல்லை.

இழப்பு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரியில் மறைந்தார். அம்மொழியின் ஒலி இனிப் பதிவுகளில் மட்டுமே உண்டு. அவர் குரல் முறையாகப் பதிவுசெய்யப்பட்டு வெளியுலகை எட்டியது. அத்தகைய கவனம் கிட்டாத பேச்சுவழக்குகளின் பதிவுகள் துறை நூலகங்களின் இரும்பு அலமாரிகளில், பெயர்ச்சீட்டு உரிந்த தகடுகளாக இருக்கின்றன. பேசியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பதிவுசெய்த ஆய்வாளர்கள் பணி ஓய்வு பெற்றுவருகிறார்கள். தகட்டின்மேல் 'கேசட் 7, பக்கம் ஆ' என்று மட்டும் எழுதியிருந்தால், பேசியவர் யார், எந்த ஊர் என்பதைச் சொல்லக்கூடியவர் அந்த ஆய்வாளர் ஒருவரே.

செய்யவேண்டியது பெரிய திட்டமன்று. பழுது கண்டறிந்தோரின் அதே ஒழுங்கு போதும். கணினியோடு இணைக்கும் தகட்டுப்படிப்பான் இரண்டு, வெவ்வேறு நிறுவனங்களுடையவை, வேண்டும். ஒன்று மறுக்கும் தகட்டை மற்றொன்று படிப்பதுண்டு. உரையாடலை ஓடவிட்டுக் கேட்பதற்கு முன்பே முழுத்தகட்டையும் குறைந்த வேகத்தில் ஒரே படிமமாக எடுக்கவேண்டும். எல்லையருகே நிற்கும் தகட்டுக்கு ஒவ்வொரு சுழற்சியும் செலவு. பிழை எண்ணிக்கையைக் காட்டும் மென்பொருளால் சோதித்து, பிழை மிகுந்தவற்றை முதலில் மீட்கவேண்டும். வெற்றுத்தகட்டின் தடத்திலேயே ஆலையின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். மென்பொருள் அதைப் படித்துக்காட்டும். ஒரே ஆலையின், ஒரே தொகுப்பின் தகடுகள் ஒன்றாகக் கெடும் வாய்ப்பு மிகுதி. ஒன்று கெட்டால் அதன் உடன்பிறப்புகளுக்கு முன்னுரிமை தரலாம். ஒட்டிய காகிதச் சீட்டை உரிக்கக்கூடாது. உலோகப் படலம் பெயர்ச்சீட்டுப் பக்கத்தில்தான், மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கிறது; உரித்தால் அதுவும் சேர்ந்து வரும். சீட்டில் உள்ளதைப் படமெடுத்துக் கோப்போடு சேர்த்துவைக்க வேண்டும். எடுத்த படிமத்துக்குச் சரிபார்ப்புத்தொகை கணக்கிட்டு, இரண்டு இடங்களில் வைக்கவேண்டும்.

இவை அனைத்துக்கும் ஆகும் செலவு ஓர் ஆய்வு மாணவரின் ஒரு களப்பயணத்துக்கு ஆவதைவிடக் குறைவு. காலம்தான் குறைவாக இருக்கிறது. உங்கள் துறையில் எத்தனை தகடுகள் உள்ளன, அவற்றுள் எத்தனை இன்று முழுமையாகத் திறக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர்கள், ஆண்டும் தகட்டின் நிறமும் சேர்த்து எழுதுங்கள். சில துறைகளின் எண்ணிக்கை கிடைத்தாலே எந்த வகைத் தகட்டை முதலில் மீட்கவேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.